மேலூரைத் தோண்டினால் திருச்சிக்கு டங்ஸ்டன் வந்துவிடுமா?

சென்ற இதழில் டங்ஸ்டன் பற்றி எழுதிய கட்டுரையாளருக்கு ஒரு வகையில் நன்றி சொல்ல வேண்டும். மேலூர் பக்கத்து டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்த அரிட்டாபட்டிப் போராட்டத்தைப் பிடிக்காதவர்கள் ஆளுக்கொரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவர் திரட்டி, நாலு பக்கத்தில் அடைத்துத் தந்துவிட்டார். தேடி அலையாமல் ஒரே இடத்தில் பதில் சொல்ல வசதியாக இருக்கிறது.

அவர் சொல்வதன் சாரம் இது. மேலூர் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரி 23-ல் ரத்து செய்தது. பன்னிரண்டே நாளில், பிப்ரவரி 4-ல், சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் தண்டுகளைச் செய்யும் எச்.ஏ.பி.பி. தொழிற்சாலை திருச்சியில் இருக்கிறது. அதன் உயிரே டங்ஸ்டன்தான். ஆகவே மேலூரில் ஜெயித்தவர்கள் திருச்சியைத் தோற்கடித்துவிட்டார்கள், திருச்சியோடு நாட்டையும். கடைசியில் ஒரு உபதேசமும் உண்டு: ஆராய்ச்சி, ஆய்வகம் என்று காலத்தைக் கடத்தக் கூடாது, முதலில் தோண்ட வேண்டும், தோண்டினால் தொழில்நுட்பம் பின்னாலேயே வரும்.

தேதிகள் சரி. இறக்குமதியை நம்பிக் கிடப்பது ஆபத்து என்பதும் சரி. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே நாட்டிலிருந்து வரும்போது யாருக்கும் தூக்கம் கெடத்தான் செய்யும். மற்றபடி அந்தக் கட்டுரையில் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுகள்தான் மிச்சம்.

முதல் முடிச்சு எச்.ஏ.பி.பி. பற்றியது. அந்தத் தொழிற்சாலை திருச்சிக்கு வந்தது 1980-களின் பிற்பகுதியில், ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமான டி.எம்.ஆர்.எல். உருவாக்கிய தொழில்நுட்பத்தை வைத்து. ஆய்வகம் முதலில், ஆலை பிறகு என்ற வரிசையைக் கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்போது நாட்டில் டங்ஸ்டன் தாது எடுத்துக்கொண்டிருந்த முக்கியமான இடம் ராஜஸ்தானின் டெகானா. முதல் உலகப் போர்க் காலத்துச் சுரங்கம் அது. சீனச் சரக்கு மலிவாகக் கொட்டிய காலத்தில் அதைத் தோண்டுவது கட்டுப்படியாகாமல் 1990-களில் மூடிவிட்டார்கள். எந்த ஊர்க்காரரும் அங்கே மறியல் செய்யவில்லை, எந்தச் சட்டமன்றமும் தீர்மானம் போடவில்லை. டெகானா மூடியது, திருச்சி மூடவில்லை. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் மேலூரிலிருந்து ஒரு பிடி தாதுகூட வராமலேயே அந்த ஆலை நடந்திருக்கிறது. உயிர் மேலூரில் இருந்தது என்றால் இத்தனை காலம் எப்படி மூச்சு விட்டதாம்?

அந்த ஆலையில் நடக்கும் வேலை என்ன என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் தன் வாதம் எங்கே விழுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்பைப் போல உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. எனவே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் டங்ஸ்டன் பொடி, மீதிக்கு நிக்கலும் இரும்பும் பொடியாகக் கலந்து, அழுத்திக் குச்சியாக்கி, ஹைட்ரஜன் சூழ்ந்த உலையில் 1,500 டிகிரிக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சுடுவது வழக்கம். நிக்கலும் இரும்பும் இளகிப் பாகாகும். டங்ஸ்டன் மணிகள் முழுக்க உருகாமல், விளிம்பு மட்டும் கரைந்து உருண்டு, அந்தப் பாகில் கட்டுண்டு நிற்கும். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பதம் தப்பினால் உருண்டை உதிரும். இங்கே தண்டு முறியும். சுட்ட பிறகும் உள்ளே தங்கிய ஹைட்ரஜனை வெற்றிட உலையில் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் மொறுமொறுவென்று உடையும். பிறகுதான் சுற்றிச் சுற்றி அடித்து நீட்டி வலுவேற்றும் வேலை.

அந்த உலையின் வாசலில் வந்து நிற்க வேண்டியது பாறை அல்ல, பொடி. மைக்ரான் கணக்கில் பருமன் அளந்த, அழுக்கு நீங்கிய பொடி. மேலூர்ப் பாறைக்கும் இந்தப் பொடிக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். கட்டுரையாளரோ முதல் படியிலிருந்து கடைசிப் படிக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

அவர் தாவிய இடத்தைக் கொஞ்சம் நடந்து பார்ப்போம். டங்ஸ்டன் தாதுக்களில் முக்கியமானவை இரண்டு: ஷீலைட், வுல்ஃப்ரமைட். இரண்டும் கனமானவை, சாதாரணப் பாறையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அடர்த்தி. அந்தக் கனத்தைப் பயன்படுத்தி, ஓடும் தண்ணீரில் ஆட்டும் மேசைகளிலும் சுருள் வாய்க்கால்களிலும் பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே எளிதில் நொறுங்கும் சாதி. தாது மணி பாறையிலிருந்து விடுபடும் அளவுக்கு அரைக்காவிட்டால் பாறையோடு ஒட்டிக்கொண்டே போய்விடும். கொஞ்சம் கூடுதலாக அரைத்தால் மாவாகிக் கலங்கல் நீரோடு போய்விடும். இந்த இரண்டு நஷ்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு தாதுவுக்கும் வேறு; புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டன் கணக்கில் மாதிரி எடுத்து, படிப்படியாக அரைத்து, ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கனத்தால் பிரியாததை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பார்கள். ஷீலைட்டில் கால்சியம் இருக்கிறது. அதோடு சேர்ந்தே கிடக்கும் கால்சைட்டிலும் ஃபுளோரைட்டிலும் கால்சியம் இருக்கிறது. ஷீலைட்டைப் பிடித்து மிதக்க வைக்கும் கொழுப்பமிலம் இவற்றையும் பிடித்து மிதக்க வைத்துவிடும். சோவியத் காலத்தில் பெட்ரோவ் முறை என்று ஒன்று வந்தது: மிதந்து வந்த குழம்பில் சோடியம் சிலிகேட்டைக் கலந்து எண்பது டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கலக்கினால், கால்சைட்டும் ஃபுளோரைட்டும் தம் மேல் ஒட்டியிருந்த அமிலத்தை உதிர்த்துவிடும், ஷீலைட் விடாது. அழகான வேதியியல். ஆனால் எவ்வளவு சிலிகேட், எத்தனை நேரம், என்ன தண்ணீர் என்பதெல்லாம் அந்தந்தத் தாது சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கையில் வருவது அடர்தாது. அதைக் காரத்தில் அழுத்தச் சூட்டில் கரைத்து, அழுக்கு நீக்கி, அம்மோனியம் பாராடங்ஸ்டேட் என்ற வெள்ளைப் படிகமாக்கி (உலகச் சந்தை பேரம் பேசுவது இந்தச் சரக்கை வைத்துத்தான்), அதைச் சுட்டு ஆக்சைடாக்கி, ஆக்சைடைத் தட்டுகளில் பரப்பி ஹைட்ரஜன் உலைக்குள் தள்ளினால் ஒருவழியாகப் பொடி. தட்டில் மெல்லிசாகப் பரப்பி உலர்ந்த ஹைட்ரஜனை விட்டால் நைசான பொடி வரும். கனமாகப் பரப்பி ஈரம் ஏறினால் பருமனாக வரும். தட்டில் அரை விரல் கனம் மாறினால் கடைசியில் தண்டின் குணம் மாறும். இத்தனையும் தோண்டினால் பின்னாலேயே வருமாம்!

தோண்டினால் வரும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு சோதனை நடந்து முடிந்திருக்கிறது. கோலார் தங்கவயல். 1880-களில் தொடங்கி 2001 பிப்ரவரி வரை நூற்றிருபது ஆண்டு தோண்டினோம். தோண்டிய கை பெரும்பாலும் நம் தமிழ்க் கை. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அங்கே குவிந்த 'சயனைடு மேடு'களில் மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த பாறை கிடக்கிறது. அந்தப் பாறையில் ஷீலைட் கலந்திருப்பது துறைக்காரர்களுக்குப் பழைய செய்தி. தோண்டுகிற செலவு முடிந்துவிட்டது, அரைக்கிற செலவு முடிந்துவிட்டது, யாரையும் காலி செய்யவும் வேண்டாம். தொழில்நுட்பம் பின்னாலேயே வரும் என்றால் அங்கே ஏன் வரவில்லை? நாட்டின் டங்ஸ்டன் பசிக்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டிய அடுப்படி அதுதான். கட்டுரையாளர் அந்தப் பெயரை ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை.

இன்னொரு சாட்சி திருச்சியிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் நிற்கிறது. சேலம் கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, உருக்காலை வேண்டும் என்று தமிழ்நாடே குரல் கொடுத்தது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுப் பாளங்களைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே இருந்துவிட்டது. முப்பத்தைந்து, நாற்பது சதவீத இரும்பு உள்ள மேக்னடைட் பாறையைக் கட்டுப்படியாகும் செலவில் தரம் உயர்த்தும் வேலை முடிந்திராத இடத்தில் அடிக்கல்லால் ஒன்றும் ஆகவில்லை. இது இரும்பு. நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கும் தாதுவுக்கே இந்தக் கதி.

டங்ஸ்டனில் எத்தனை பங்கு? இதற்கும் கட்டுரையாளரிடம் எண் இல்லை. 'புதையல்' என்ற சொல்தான் இருக்கிறது. இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டேட்டில் பல ஆண்டுகளாக அச்சாகிவரும் கணக்கை நான் தருகிறேன். நாடு முழுவதும் சேர்த்து டங்ஸ்டன் தாது வளம் சுமார் 8.7 கோடி டன். அதில் அடங்கிய டங்ஸ்டன் ஆக்சைடு சுமார் 1.42 லட்சம் டன். வகுத்துப் பார்த்தால் சராசரி 0.16 சதவீதம். இதிலும் கர்நாடகத்துக்கு 42 சதவீதம், ராஜஸ்தானுக்கு 27, ஆந்திரத்துக்கு 17, மகாராஷ்டிரத்துக்கு 9. ஹரியானா, உத்தராகண்ட், மேற்கு வங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து தமிழ்நாடு நிற்பது மீதி ஐந்து சதவீதத்துக்குள். இதில் ஒரு டன்கூட 'எடுத்தால் கட்டுப்படியாகும்' என்று நிரூபிக்கப்பட்ட இருப்பாகப் பதிவாகவில்லை.

நாயக்கர்பட்டியில் புதிதாகக் கண்டதைச் சேர்த்தால் கணக்கு மாறும் என்பாராயின், எவ்வளவு மாறும் என்று சொல்லட்டும். சொல்ல முடியாது, ஏனென்றால் ஏலம் போனது அளந்து முடித்த சுரங்கம் அல்ல. தேடும் உரிமையும், தேடிக் கிடைத்தால் தோண்டும் உரிமையும் சேர்ந்த கூட்டு உரிமம். 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம் என்று ஆக்கிக்கொண்ட பிறகு வந்த ஏலங்களில் ஒன்று. 2024 நவம்பர் 7-ல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அங்கே எத்தனை ஆழத்தில், எத்தனை சதவீதம், எந்த வடிவில் தாது கிடக்கிறது என்பதை இனிமேல்தான் துளையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு நாடு நஷ்டப்பட்டதாகக் கணக்கு எழுதுவதற்கு எழுத்தாளர் வேண்டும், பொறியாளர் வேண்டாம்.

சராசரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் பாறையில் 1.6 கிலோ ஆக்சைடு. அதில் உலோகம் 1.27 கிலோ. ஆலையில் தப்பிப் போவது போக, நல்ல கையாக இருந்தால் ஒரு கிலோ மிஞ்சும். மீதி 999 கிலோ? மாவாக அரைத்த பாறை. அதை அப்படியே குழிக்குள் திருப்பிப் போட்டு மூடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அரைத்த பாறை முழுப் பாறையைவிட அதிக இடம் பிடிக்கும், தோண்டிய குழி கொள்ளாது.

அடுத்து ஊர்க்காரர்களின் 'அறியாமை'. கட்டுரையிலேயே என்னைக் கோபப்படுத்திய பகுதி இதுதான். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த ஜனங்களுக்குக் கனிமம் என்றால் என்னவென்று தெரியாதாம். மேலூர்க்காரர்களுக்கா தெரியாது? கீழவளவில் கிரானைட் வெட்டியவர்கள் மலையை எப்படித் துண்டு போட்டார்கள், கண்மாய்க்கு வரும் கால்வாயை எப்படித் தூர்த்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த ஜனம் அது. 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அந்தக் கொள்ளையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் மற்ற ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. மேலூர்க்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். பெரியாறு தண்ணீரும் கண்மாய்ச் சங்கிலியும் சேர்ந்து காப்பாற்றும் வயல்கள் அவை. எவ்வளவு ஆழம் போவீர்கள், தண்ணீரை எங்கே இறைத்து விடுவீர்கள், கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று அந்த ஜனம் கேட்டது. ஒரு சுரங்கப் பொறியாளர் முதல் நாள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் இவைதான். படித்த கட்டுரையாளர் நாலு பக்கத்தில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

ஏலம் விட்ட பரப்பு 2,015.51 எக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் சுமார் 193 எக்டேரும் அடக்கம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அது. குடைவரைக் கோயில், சமணர் படுகை, தமிழி எழுத்து எல்லாம் அங்கே உண்டு. கட்டுரையாளர் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் என்று கட்டுரையின் அடியில் போட்டிருந்தது, ஆகவே அவருக்குப் புரியும் அளவையில் சொல்கிறேன். நம் கோயில் ஏழு பிராகாரமும் சேர்ந்து 156 ஏக்கர். நாயக்கர்பட்டி வட்டாரம் கிட்டத்தட்ட 4,980 ஏக்கர். முப்பத்திரண்டு ஸ்ரீரங்கம் கோயில்! நாளைக்கே உத்தர வீதிக்கு அடியில் ஏதோ கனிமம் இருக்கக்கூடும் என்று ஆரம்பநிலை ஆய்வு சொன்னது, பார்த்துவிட்டுத் தோண்டுகிறோம் என்று கூட்டு உரிமத்தோடு யாராவது வந்தால், முதல் ஆளாகக் கொள்ளிடக் கரையில் கொடி பிடிப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். அப்போது அவரை அறியாத ஜனம் என்று நான் எழுத மாட்டேன்.

வெளிநாட்டைக் காட்டியும் ஒரு பத்தி உண்டு. ஆஸ்திரியாவில் தேசியப் பூங்கா ஓரத்திலேயே டங்ஸ்டன் எடுக்கிறார்களாம், நமக்கு மட்டும் என்ன என்று கேட்கிறார். மிட்டர்சில் சுரங்கத்தைச் சொல்கிறார். நல்ல உதாரணம், அவர் வாதத்துக்குக் குழி பறிக்கும் உதாரணம். ஆஸ்திரியாவின் ராய்ட்டே ஊரில் பவுல் ஷ்வார்ட்ஸ்கோப், டங்ஸ்டன், மாலிப்டினப் பொடி உலோகத்துக்கென்றே பிளான்ஸே நிறுவனத்தைத் தொடங்கியது 1921-ல். மிட்டர்சிலில் ஷீலைட் இருப்பது தெரிய வந்தது 1967-ல். இடையில் நாற்பத்தாறு ஆண்டு அந்த நாடு வெளித் தாதுவை வைத்தே தொழிலைக் கற்று, உலகத்துக்கே பொடி உலோகப் பாடம் நடத்தியது. சுரங்கம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கை தயாராக இருந்தது. அமெரிக்காவிலோ 2015-க்குப் பிறகு வணிக அளவில் டங்ஸ்டன் சுரங்கமே ஓடவில்லை. ஆனாலும் அடர்தாதுவையும் கழிவையும் வாங்கிப் பொடியும் கார்பைடும் செய்யும் ஆலைகள் அங்கே ஓடுகின்றன. சீனாவே தன் தாது போதாமல் வெளியிலிருந்து அடர்தாது வாங்குகிறது. அதன் பிடி சுரங்க வாயில் மட்டும் இல்லை. பாறையிலிருந்து பொடி வரைக்கும் உள்ள எல்லாப் படியிலும் இருக்கிறது. மேலூரில் குழி வெட்டி அடர்தாது எடுத்திருந்தால், நடுப்படிகளைக் கட்டாத வரைக்கும் அதைப் பொடியாக்கக் கப்பலேற்றி எங்கே அனுப்பியிருப்போம் என்று கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

கடைசிக் குற்றச்சாட்டு இரட்டை வேடம். டங்ஸ்டன் இல்லாமல் ஒரு நாள் ஓடாத திருச்சிக்காரர்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்க்கலாமா என்கிறார். முதல் பாதி உண்மை. 1965-ல் பெல் கொதிகலன் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் வெல்டர்களின் ஊர். பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இங்கேதான் இருக்கிறது. திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கொதிகலன் குழாய்க்கு ரூட் ரன் போட ஆர்கான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். டார்ச்சின் நுனியில் நீட்டிக்கொண்டிருப்பது டங்ஸ்டன் குச்சி. சிவப்பு நுனி என்றால் தோரியம் கலந்தது, சாம்பல் நுனி என்றால் சீரியம்.

அந்தக் குச்சியைக் கொஞ்சம் பின்தொடருங்கள். வேலைக்கு நடுவில் நுனி உருகிய இரும்பில் பட்டுவிட்டால் வில் பிசிறும். வெல்டர் எழுந்து போய்க் கிரைண்டரில் பிடித்துக் கூராக்குவார். தீப்பொறியோடு சேர்ந்து உதிர்வது டங்ஸ்டன் தூள். இரும்புத் தூளோடு கலந்து தரையில் விழும், சாயங்காலம் விளக்குமாற்றில் போகும். குச்சி இரண்டு விரல் அளவுக்குத் தேய்ந்தால் டார்ச்சில் நிற்காது, அதுவும் குப்பை. பக்கத்து லேத்தில் முனை மழுங்கிய கார்பைடு டிப்புகளின் கதி பரவாயில்லை. அவற்றை டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார்கள், பழைய இரும்புக்காரர் வந்து கிலோக் கணக்கில் எடுத்துப் போவார், இரும்பு விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்த டிப்பில் பெரும்பங்கு டங்ஸ்டன். மேலூரில் ஒரு டன் பாறையை உடைத்து எடுக்க வேண்டிய உலோகம், இங்கே உள்ளங்கையில் அள்ளும் டிப்புகளில் இருக்கிறது.

உலகத்தின் டங்ஸ்டன் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இப்படித் திரும்ப எடுத்ததிலிருந்தே வருகிறது. வழிகளும் தெரிந்தவைதான். உருகிய துத்தநாகத்தில் டிப்புகளை ஊற வைத்தால் பிடிமானமாக இருந்த கோபால்ட்டை அது இழுத்துக்கொண்டு உப்பும். துத்தநாகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொலபொலவென்று உதிரும் கார்பைடு. மின்னோட்டத்தாலும் கரைத்துப் பிரிக்கலாம். மின்வேதியியல் என்றால் புதுக்கோட்டை தாண்டிக் காரைக்குடிக்குப் போனால் போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் உருவாகி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. தாது பிரித்தலுக்கு ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் கிளை சென்னை தரமணியில் இருக்கிறது. உலோகவியல் படிக்கும் பிள்ளைகள் துவாக்குடி என்.ஐ.டி.யிலேயே இருக்கிறார்கள், படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கு மென்பொருள் எழுதப் போகிறவர்கள் அதில் எத்தனை பேர் என்பது வேறு கதை. பொடியைத் தண்டாக்கும் ஆலை இங்கே. குப்பையைப் பிறப்பிக்கும் பட்டறைகள் இங்கே. நடுவில் உள்ள இணைப்பைப் போடச் சொல்லி எழுதுவதற்குக் கட்டுரையாளரின் பேனாவுக்கு மை இல்லை. ஐயாயிரம் ஏக்கரைத் தோண்டச் சொல்ல மட்டும் நாலு பக்கத்துக்கு மை இருக்கிறது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவர் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறார். பூலோக வைகுண்டத்தில் குடியிருப்பவர் என்பதால் வழி தெரியும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இரட்டை வேடம் என்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. ஏலம் ரத்தான ஆறாவது நாள், 2025 ஜனவரி 29-ல், மத்திய அமைச்சரவை தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அரசுச் செலவு மட்டும் 16,300 கோடி. அதன் கீழ் ஆராய்ச்சிக்கென்று முதலில் அறிவித்த சிறப்பு மையங்கள் ஏழு: மும்பை, ஹைதராபாத், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள், தன்பாத், புவனேஸ்வர், ஜாம்ஷெட்பூர், மறுபடி ஹைதராபாத்தில் என்.எஃப்.டி.டி.சி. தமிழ்நாட்டுக்கு ஒன்றுமில்லை. சுரங்கக் குழிக்கு மேலூர் பொருத்தமாகத் தெரிந்தது, ஆய்வகத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஊரும் பொருத்தமாகத் தெரியவில்லை. திருச்சி தோற்றுவிட்டது என்று கண்ணீர் விட்ட கட்டுரையில் இதற்கு ஒரு சொட்டுகூட இல்லை.

கட்டுரையாளர் மறுமொழி எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது தேசபக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று விவரம் தந்தால் விவாதம் நகரும். நாயக்கர்பட்டியில் தாதுவின் தரம் எத்தனை சதவீதம்? அதைப் பொடியாக்கும் ஆலை எந்த ஊரில்? ஆண்டுக்கு ஆயிரம் டன் டங்ஸ்டன் எடுப்பதாக வைத்துக்கொண்டால், மேலே போட்ட கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அரைத்த பாறை சேரும். அதைக் கொட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்திருக்கும் கண்மாயின் பெயர் என்ன?